சலாபக் கரையில் ஒரு வேற்றாள்

வானொலியில் பேசியதைப் பத்திரிகைக்கு எழுதித் தரும்போது பேச்சு நடையைச் சற்றுத் திருத்திக் கொடுப்பது என் வழக்கம். இவ்வாரம் திருத்தியதோடு நிற்கவில்லை. முடிவில் ஒரு பகுதியைப் புதிதாகச் சேர்த்திருக்கிறேன். ஒலிவாங்கிக்கு முன்னால் அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஏன் வரவில்லை என்பதை வாசித்து முடிக்கும்போது அன்பர்கள் அறிந்துகொள்வார்கள்.

எடுத்துக்கொண்ட பொருள் இதுதான். புனைகதைகளில் ஒருவகை மனிதர் அடிக்கடி வருவார். அவர் கள்வரல்லர், கொலைகாரருமல்லர். ஆனால் அவர் கூடத்துக்குள் கால் வைத்தால் அங்கிருந்த பேச்சு நின்றுவிடும். வீட்டார் அவரை நோக்கும் பார்வையில் ஒரு கேள்வி இருக்கும். நாகரிகமான மனிதர்கள் அவரோடு சிரித்துப் பேசுவார்கள். அவர் எழுந்து போனதும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொள்வார்கள். மற்றவர்களைவிடக் கொஞ்சம் கூடுதலாக உணர்கிறார் என்பதைத் தவிர அவர்மீது சொல்லத்தக்க குற்றம் எதுவும் இராது. இந்த வேற்றாளை நடுவில் வைத்து எழுதப்பட்ட கதைகள் உலக இலக்கியத்தில் ஏராளம். அவற்றுள் சிலவற்றுக்கு நம் மன்னார்க் கரையோடு உறவு உண்டென்பது பலருக்குப் புதினமாக இருக்கலாம்.

மன்னாரிலிருந்து கரையோரமாகத் தெற்கே வந்தால் அரிப்பு, பிறகு சிலாவத்துறை, அதற்கும் அப்பால் கொண்டச்சி. முத்துக்குளிப்புக்குச் சலாபம் என்பது பழைய பெயர். சிலாவத்துறை என்ற ஊர்ப்பெயரில் அச்சொல்லின் சாயல் இன்றும் கேட்கிறது. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இலங்கையைப் பற்றி நூல் எழுதிய றொபேட் பேர்சிவல், ஜேம்ஸ் கோடினர் ஆகிய இருவரும் கொண்டச்சிக் குடாவின் சலாபத்தை விரித்துரைத்திருக்கிறார்கள். ஆண்டில் பெரும்பகுதி வெறும் மணலாகக் கிடக்கும் கரையில், குளிப்புக் காலத்தில் ஓலைக் கொட்டில்களால் ஒரு நகரமே எழும்பும். சலாபத்தைப் பார்வையிட வசதியாக ஆளுநர் பிரெட்றிக் நோர்த் அரிப்பில் கட்டுவித்த மாளிகையின் இடிபாடுகளை நம் மக்கள் அல்லிராணிக் கோட்டை என்று அழைக்கிறார்கள். கடல் அதை ஆண்டுதோறும் அரித்து வருகிறது.

இந்தக் கரையின் சேதி ஆங்கிலக் கவிதைக்குள்ளும் போயிருக்கிறது. ஜோன் கீற்ஸின் 'இசபெல்லா' 1820இல் வெளிவந்தது. புளோரன்ஸ் நகரத்துச் செல்வச் சகோதரர்கள் இருவர். அவர்களின் தங்கை இசபெல்லா. அவர்களிடம் வேலைபார்க்கும் லொரென்சோ. தங்கையின் மனம் லொரென்சோவிடம் சென்றதை அறிந்த சகோதரர்கள் அவனைக் காட்டுக்குள் அழைத்துச் சென்று கொன்று புதைக்கிறார்கள். அச்சகோதரர்களின் செல்வம் யார் யாருடைய துன்பத்தால் சேர்ந்தது என்று கீற்ஸ் எண்ணிக்கொண்டு போகையில், இலங்கையின் முத்துக்குளிகாரனையும் அந்த வரிசையில் நிறுத்துகிறார். வீட்டு மானத்தின் பெயரால் வேற்றாளைக் கொல்லும் குடும்பத்தின் பெட்டகத்துக்குள் நம் கடலின் முத்தும் கிடக்கிறது. கவிதை இதைப் போகிற போக்கில்தான் சொல்கிறது. இக்கரையில் நின்று வாசிக்கும் நமக்கு அது போகிற போக்கில் போய்விடுவதில்லை.

இனி, நம் கட்டுரையின் நாயகருக்கு வருவோம். 1906ஆம் ஆண்டின் முற்பகுதியில், கொண்டச்சிக்குத் தெற்கேயுள்ள மறிச்சுக்கட்டியில் சலாபம் நடந்தது. யாழ்ப்பாணக் கச்சேரியில் பணியாற்றிய 25 வயது வெள்ளைக்கார இளைஞர் ஒருவர் அங்கே கடமைக்கு அனுப்பப்பட்டார். அவர் பெயர் லெனாட் வுல்ப். வேர்ஜினியா வுல்ப் என்னும் புகழ்பெற்ற நாவலாசிரியையின் கணவராகப் பிற்காலத்தில் உலகம் அவரை அறிந்துகொண்டது. ஆனால் அவர் தம்மளவிலேயே எழுத்தாளர்.

சலாபத்தில் அவர் கண்டவை சாதாரணமானவையல்ல. பாரசீக வளைகுடாவிலிருந்து வந்த அராபியரும் இந்தியக் கரையிலிருந்து வந்த தமிழரும் முஸ்லிம்களும் மூச்சடக்கி மூழ்கிச் சிப்பி அள்ளினார்கள். கரைக்கு வந்த சிப்பியில் மூன்றில் இரண்டு பங்கு அரசுக்கு, ஒரு பங்கு குளித்தவனுக்கு. அரசின் பங்கு அன்றன்றே ஏலத்தில் போகும். வாங்கியவர்கள் சிப்பியை அழுகவிட்டு, புழுத்த சதையைக் கழுவி முத்தைத் தேடுவார்கள். அந்த நாற்றமும் இலையான் கூட்டமும் அவர் எழுத்தை விட்டு நீங்கவேயில்லை.

அதன் விளைவாகப் பிறந்த சிறுகதைதான் 'முத்துகளும் பன்றிகளும்' என்று நாம் தமிழில் சொல்லக்கூடிய கதை. 1921இல் வெளியான 'கீழைத்தேயக் கதைகள்' என்ற அவரது தொகுதியில் இடம்பெற்றது. இங்கிலாந்தின் டோர்க்கி என்ற கடற்கரை நகரில் ஒரு விடுதி. இரவில் கனவான்கள் நெருப்பைச் சுற்றி அமர்ந்து, கீழைத்தேயத்தாரை எப்படி ஆளவேண்டும் என்று அபிப்பிராயம் சொல்கிறார்கள். பங்குச் சந்தைக்காரர் ஒருவர், மதகுரு ஒருவர். இருவரும் அந்நாடுகளில் வாழ்ந்தவர்களல்லர். அங்கே நெடுங்காலம் உத்தியோகம் பார்த்துவிட்டுத் திரும்பிய ஒருவரும் அமைதியாக அமர்ந்திருக்கிறார். பொறுக்கமாட்டாத ஒரு கட்டத்தில் அவர் தாம் கண்ட சலாபத்தைச் சொல்லத் தொடங்குகிறார்.

முத்தில் பணம் பண்ணலாமென்று வந்த வைற் என்ற வெள்ளைக்காரன் குடிவெறியில் சித்தம் கலங்கி, தான் பிறருக்குச் செய்த கொடுமைகளை எல்லாம் வாய்விட்டுக் கத்துகிறான். அவனைக் கம்பத்தில் கட்டிவைக்க நேர்கிறது. குளிகாரர்கள் கூடிநின்று பார்க்கிறார்கள். அவன் சாகிற அதே வேளையில், கடலில் இறந்த ஓர் அராபியக் குளிகாரனின் உடலைத் தோழர்கள் கரைக்குக் கொண்டுவருகிறார்கள். அந்தச் சாவில் ஒரு நிமிர்வு இருக்கிறது. எது நாகரிகம், எது காட்டுமிராண்டித்தனம் என்று எவரும் நமக்கு எடுத்துச் சொல்லத் தேவையில்லை.

சொல்லி முடித்ததும் விடுதியில் என்ன நடக்கிறது? சண்டையில்லை, மறுப்புமில்லை. இது ஏதோ விதிவிலக்கான சம்பவமல்லவா என்று மதகுரு பண்போடு கேட்கிறார். அவ்வளவுதான். சொன்னவர் உடனே வேற்றாளாகிவிடுகிறார். அவர் சொன்னது பொய்யென்று ஒருவரும் சொல்லவில்லை. அதை அந்த அறையில் சொன்னதுதான் பிழை. அவர் கடைசியில் ஒரு தமிழ்ப் பழமொழியைச் சொல்லிப் பேச்சை நிறுத்துகிறார். பானைக்குள் தலையை விட்ட பூனைக்கு உலகம் எப்படித் தெரியும் என்பது அதன் கருத்து. கண்ணை மூடிய பூனையைப் பற்றி நம் வீட்டுக் கிழவிகள் சொல்வதன் உடன்பிறப்பு அது. ஆங்கிலேயக் கனவான்களின் நடுவே தனித்துப்போன ஒருவனுக்குத் துணைக்கு வந்தது நம் மொழியின் பழமொழி என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

இப்படி எழுத வுல்புக்கு எப்படி வாய்த்தது? அவர் பிறப்பிலேயே வேற்றாள். 1880இல் லண்டனில் யூதக் குடும்பத்தில் பிறந்தவர். தந்தை வழக்கறிஞர், வுல்புக்குப் பதினொரு வயதிருக்கும்போது இறந்துபோனார். கேம்பிரிட்ஜில் படித்து, அறிவாளர் வட்டமொன்றில் நெருக்கமாக இருந்தும், தாம் முற்றிலும் உள்ளே இல்லை என்ற உணர்வு அவரைவிட்டு அகலவில்லை. 1904இன் இறுதியில் இலங்கைக்குக் கப்பலேறியபோது அவர் கொண்டுவந்தவற்றுள் ஒரு நாயும் 90 தொகுதி வோல்ரேயர் நூல்களும் அடக்கம். ரெனிஸ் ஆட்டமும் மதுவும் பதவிப் பேச்சுமாகக் கழிந்த வெள்ளைக்காரச் சமூகத்தில் 90 தொகுதி வோல்ரேயரோடு வந்து இறங்குகிறவனை எப்படிப் பார்த்திருப்பார்கள்! தம் உள்ளத்தைப் பிறர் காணாதபடி வெளியே ஓர் ஓட்டை வளர்த்துக்கொண்டதாக அவர் தமது சுயசரிதையில் எழுதுகிறார். சிப்பிக்கும் அவருக்கும் அவ்வகையில் ஓர் ஒற்றுமை உண்டு.

1911இல் விடுமுறையில் இங்கிலாந்து திரும்பியவர், அடுத்த ஆண்டு பதவியைத் துறந்து வேர்ஜினியாவை மணந்தார். பிறகு அடுத்தடுத்து இரண்டு நாவல்கள் வந்தன. இரண்டுக்கும் மையம் நாம் பேசும் இந்த வேற்றாள்தான்.

முதலாவது 1913இல் வெளிவந்த, காட்டிலுள்ள கிராமத்தைப் பற்றிய நாவல். அவர் உதவி அரசாங்க அதிபராக இருந்த அம்பாந்தோட்டைப் பகுதியே களம். சிங்களத்தில் 'பெத்தேகம' என்ற பெயரில் 1980இல் லெஸ்ரர் ஜேம்ஸ் பீரிஸ் அதைத் திரைப்படமாக்கினார். கதையின் சிலிந்து ஒரு வேட்டைக்காரன். காட்டையும் விலங்குகளையும் மனிதரைவிட நன்கு அறிந்தவன். ஊர் அவனைக் கொஞ்சம் பைத்தியம் என்கிறது. அவன் மகள் புஞ்சிமெனிக்காவைப் பாபுன் விரும்பும்போது, பாபுனின் மைத்துனனான ஊர்த்தலைவன் குறுக்கே நிற்கிறான். சிலிந்துவின் குடும்பம் தாழ்ந்தது, வேடர் கூட்டம் என்பதே காரணம். இளைய மகள் ஹின்னிஹாமி ஒரு மான்குட்டியைப் பிள்ளைபோல் வளர்க்கிறாள். ஊரில் துன்பம் வந்தபோது அந்த மான்குட்டிமீது பழி விழுகிறது. கல்லெறிந்து கொல்கிறார்கள். அதன் பின் அவளும் உயிரோடிருக்கவில்லை. பொய் வழக்கில் பாபுன் சிறைக்குப் போகிறான். முடிவில் சிலிந்து துப்பாக்கியை எடுக்கிறான்.

இரண்டாவது, 1914இல் வந்த நாவல். வேதாகமத்தில் வரும் புத்தியுள்ள கன்னியரின் பெயரைத் தாங்கியது. இங்கே காடில்லை, லண்டன் புறநகரின் தேநீர் மேசைகள். ஹரி டேவிஸ் என்ற யூத இளைஞன் ஓவியம் பயில்பவன். அயல்வீட்டுப் பெண்களிடம், அவர்கள் பேசாமல் விட்டவற்றை எல்லாம் பேசுகிறான். பண்பட்ட குடும்பத்துப் பெண்ணான கமிலாவைக் காதலிக்கிறான். அவளோ அவனை மணக்க மறுக்கிறாள். அவனுடைய பேச்சைக் கேட்டு மயங்கிய அயல்வீட்டுக் குவென் ஓரிரவு அவன் அறைக்கு வந்துவிட, குடும்ப மானத்தின் பொருட்டு அவளையே மணந்துகொள்கிறான். இங்கே யாரும் கல் எறிவதில்லை. தேநீர் கொடுக்கிறார்கள், திருமணம் செய்துவைக்கிறார்கள். மனிதன் முடிந்துபோகிறான். கதையில் தம்மைக் கண்ட வுல்பின் தாயும் சகோதரியும் மிகவும் மனம் நொந்தார்கள். குடும்பத்தின் சந்தேகத்தைப் பற்றி எழுதியவர் தம் குடும்பத்தின் சந்தேகத்துக்கே ஆளானார்.

இரண்டு நாவல்களையும் அருகருகே வைத்தால் ஓருண்மை புலப்படுகிறது. காட்டுக் கிராமத்தில் சந்தேகம் கல்லாக வருகிறது. நாகரிக வீட்டில் அதுவே கரிசனமாக வருகிறது. 'உன் நன்மைக்காகத்தானே சொல்கிறோம்' என்று வருகிறது. கல்லென்றால் விலகலாம். கரிசனத்திலிருந்து விலகுவது எப்படி?

வேற்றாளை மாசற்றவனாக வுல்ப் காட்டவில்லை என்பதையும் இங்கே சொல்லவேண்டும். சிலிந்து கொலை செய்கிறான். ஹரியின் நாக்கு கொடியது. வுல்பே தம் வாழ்க்கையில் ஒரு சம்பவத்தைச் சொல்கிறார். யாழ்ப்பாணத்தில் குதிரையில் சென்றபோது, வேண்டுமென்றே ஒரு தமிழ் வழக்கறிஞரின் முகத்தில் சவுக்கால் அடித்ததாக அவர்மீது முறைப்பாடு எழுந்தது. அவர் அடிக்கவில்லை. ஆனால் பிற்காலத்தில் அதைப் பற்றி எண்ணும்போது, யாழ்ப்பாணத்துப் பிரதான வீதியில் ஒரு வெள்ளைக்காரன் குதிரைமேல் நிமிர்ந்து போவதே அங்குள்ளவர்களுக்கு முகத்தில் விழுந்த அடிதான் என்று ஒப்புக்கொள்கிறார். தம்மை வேற்றாளென்று எண்ணி வருந்தியவர், பிறர் பார்வையில் தாம் யார் என்பதையும் கண்டுகொண்டார். அந்த நேர்மைக்காகவே அவரை மதிக்கிறேன்.

தமிழில் இத்தகைய கதைகள் இல்லையா என்று கேட்பீர்கள். ஜெயகாந்தனின் 'சில நேரங்களில் சில மனிதர்கள்' நாவலின் கங்கா வேறு யார்? மழைநாளில் காரில் ஏறிய கல்லூரிப் பெண்ணுக்கு நேர்ந்தது அவள் குற்றமல்ல. ஆயினும் அண்ணன் வீட்டைவிட்டுத் துரத்துகிறான். அடைக்கலம் தந்து படிக்கவைக்கும் வெங்கு மாமாவின் கரிசனத்துக்குள் எது ஒளிந்திருக்கிறதென்பதை வாசித்தவர் அறிவர். அதே ஜெயகாந்தன் 'ஒரு மனிதன் ஒரு வீடு ஒரு உலகம்' நாவலில் எதிர்ப்பக்கத்தையும் காட்டினார். பெற்றோர் யாரென்று தெரியாத ஹென்றி, தன்னை வளர்த்த தந்தையின் ஊரைத் தேடி வருகிறான். ஊர் அவனை ஏற்றுக்கொள்கிறது. அவனும் ஊரை ஏற்றுக்கொள்கிறான். அந்த நாவலை வாசிக்கும்போது மனம் நெகிழ்வதற்குக் காரணம், அப்படி ஏற்றுக்கொண்ட ஊர்களை நாம் அதிகம் காணாததுதான்.

வானொலியில் என் பேச்சு இந்த இடத்தில் முடிந்தது. இனி வருவது சேர்த்த பகுதி.

நான் ஓர் இந்துக் கல்லூரியில் தமிழ் கற்பிப்பவன். சில ஆண்டுகளுக்கு முன் தமிழாசிரியர்களுக்கான கருத்தரங்கொன்றுக்காகச் சிலாவத்துறைப் பக்கம் சென்றபோது, கொண்டச்சியில் ஒரு வீட்டில் இரண்டு இரவுகள் தங்கினேன். 1990 ஒக்டோபரில் வடமாகாண முஸ்லிம்கள் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டபோது புத்தளத்துக்குப் போய், போர் முடிந்த 2009க்குப் பின் மீண்டு வந்த குடும்பம் அது. வீட்டுக்காரரை நான் நானா என்று கூப்பிட்டேன். இரவுச் சாப்பாடு முடிந்ததும் அவர் தன் கடைசி மகனை அழைத்து, சில கொப்பித் தாள்களை என் கையில் கொடுத்தார்.

"ஸேர், இவன் கதை எழுதுறான். ராவையில கடக்கரையில போய்க் குந்திக்கொண்டிருக்கான். ஊருக்குள்ள ஒருமாதிரிக் கதைக்கிறாங்க. நீங்க படிச்ச ஆள், இதைப் பாத்துச் சொல்லுங்களேன். இவன்ட புத்திக்கு ஏதும் பிழையோ எண்டு."

வைத்தியரிடம் நோயாளியைக் காட்டுவதுபோல் அவர் கேட்டார். மகன் பக்கத்தில் நின்றான். உயர்தரப் பரீட்சைக்கு இரண்டாம் முறை தோற்றவிருந்தவன்.

கதை மூன்று பக்கம். சிப்பி அள்ளக் கடலில் மூழ்கிய ஒருவன் மேலே வருகிறான். கரையில் அவனுடைய ஊர் இல்லை. வேறு ஆட்கள் நிற்கிறார்கள். நீ எந்த ஊர் என்று கேட்கிறார்கள். அவன் தன் காலடி மண்ணைக் காட்டுகிறான். ஒருவரும் நம்பவில்லை. கதை அவ்வளவுதான்.

நான் என்ன செய்தேன்? சட்டைப் பையில் இருந்த சிவப்புப் பேனாவை எடுத்தேன். றகர ரகரப் பிழைகளைத் திருத்தினேன். அடியில் இரண்டு வரி எழுதினேன்: முயற்சி நன்று. இப்போதைக்குப் பரீட்சையில் கவனம் செலுத்தவும். நானாவிடம், பயப்பட ஒன்றுமில்லை, வயதுக் கோளாறு, சரியாகிவிடும் என்றேன். அவர் முகம் தெளிந்தது. "அல்ஹம்துலில்லாஹ்! நீங்க சொன்னாக் கேப்பான் ஸேர்" என்றார். மகன் தாள்களை வாங்கிக்கொண்டு, "நன்றி ஸேர்" என்று மரியாதையாகச் சொல்லிவிட்டு உள்ளே போனான்.

இருபது ஆண்டுகளுக்கு மேலாக வகுப்பறையில் கங்காவுக்காகவும் ஹென்றிக்காகவும் தொண்டை கிழியப் பேசியவன் நான். நாவலில் வந்த வேற்றாளை அடையாளம் கண்டுகொண்ட எனக்கு, என் முன்னால் நின்றவனைக் கண்டுகொள்ளத் தெரியவில்லை. டோர்க்கி விடுதியில் அந்த மதகுரு பண்போடு சொன்னதற்கும் நான் சிவப்பு மையால் எழுதியதற்கும் என்ன வேறுபாடு?

அண்மையில் நானா தொலைபேசியில் பேசினார். இத்தொடரைத் தவறாமல் கேட்கிறவர். "அந்த எழுத்துப் பைத்தியம் எல்லாம் விட்டுட்டான் ஸேர். கட்டாருக்குப் போய் மாசாமாசம் அனுப்புறான். உங்களாலதான்" என்று நன்றி சொன்னார். நான் நல்லது செய்ததாக அவர் உண்மையாகவே நம்புகிறார். அவரை நோகடிக்கக்கூடாது என்பதால்தான் ஒலிபரப்பில் இதை விட்டுவிட்டேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அதுவும் ஒருவகைக் கரிசனம்தான்.

அந்தக் கதை என்னிடம் இல்லை. கதைக்காரனிடம் இருக்கிறதோ தெரியாது. பத்திரிகைத் துண்டுகள் ஊரிலிருந்து வெளிநாடு போவதுண்டு. அந்த நம்பிக்கையில் எழுதுகிறேன். தம்பி, அந்தத் தாள்கள் உம்மிடம் இருந்தால், அடியில் நான் எழுதிய இரண்டு வரிகளையும் வெட்டிவிடும். எழுத்துப் பிழைகளைத் திருத்தியது மட்டும் இருக்கட்டும். கதை நல்ல கதை. அதை அன்றைக்கே உமது வாப்பாவுக்கு முன்னால் நான் சொல்லியிருக்க வேண்டும்.